வெவ்வேறு தட்பவெப்பங்களுக்கான ராணுவ பூட்ஸ்: கடலூர், புதுச்சேரிப் பகுதியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையில் விடியற்காலையில் ஓடிப் பழகும் இளைஞர்களும், புதுச்சேரிக் கல்லூரிகளின் என்.சி.சி. மாணவர்களும், பிள்ளையைப் படைக்கு அனுப்பிவிட்டு லடாக்கின் வானிலையை இங்கிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் பெற்றோரும் ராணுவ பூட்ஸ் பற்றிக் கேட்பவை ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவற்றுக்கான விடைகளை வரலாற்றோடு சேர்த்தே இங்கே தந்திருக்கிறேன். ஒரு பூட்ஸ் இன்றைய வடிவத்தை ஏன் அடைந்தது என்பது தெரிந்தவருக்கே அதை வாங்குவதிலும் பேணுவதிலும் தெளிவு இருக்கும்.

எல்லா இடத்துக்கும் ஒரே பூட்ஸைக் கொடுத்தால் என்ன?

கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள், ஒவ்வொரு முறையும் படைவீரர்களின் கால்களே அதற்கு விலை கொடுத்தன. ஒரு நிலத்துக்குத் தேவையான குணம் இன்னொரு நிலத்தில் கேடாகிவிடுவதுதான் சிக்கல். காட்டில் நீர் வடிவதற்காக வைத்த துளை வழியே பாலைவனத்தில் மணல் புகுந்துவிடும். பனியில் சூடு காக்கும் கனத்த உள்ளுறை நம் கடற்கரைப் புழுக்கத்தில் பாதத்தை வேகவைத்துவிடும்.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஈரம் என்ற பொதுவான பகை இருக்கிறது. வெளியிலிருந்து புகும் நீரைத்தான் எல்லோரும் அஞ்சுகிறார்கள். ஆனால் உள்ளங்கால், உடலில் வியர்வைச் சுரப்பிகள் மிக நெருக்கமாக அமைந்த இடங்களுள் ஒன்று. சுமையோடு நடப்பவரின் பாதம் வெளியில் ஒரு துளி மழை இல்லாதபோதும் நனைந்துகொண்டே இருக்கிறது. அந்த வியர்வையை எங்கே அனுப்புவது என்ற கேள்விக்கு ஒவ்வொரு தட்பவெப்பத்திலும் கண்டுபிடித்த விடைகளின் வரலாற்றையே ராணுவ பூட்ஸின் வரலாறாக நான் பார்க்கிறேன்.

பழங்காலப் படைகள் என்ன அணிந்தன?

ரோமானியப் படைவீரர்கள் கலிகே எனப்படும், அடியில் இரும்பு ஆணிகள் அடித்த, மேலே திறந்த தோல் வார்ச் செருப்பை அணிந்தார்கள். மத்தியதரைக் கடற்பகுதிக்கு அது பொருந்தியது. நனைந்தாலும் உடனே உலர்ந்தது. பிரிட்டனின் குளிரில் அது போதவில்லை. ஹேட்ரியன் சுவருக்கு அருகிலுள்ள விண்டோலாண்டா கோட்டையில் கிடைத்த மரப்பலகைக் கடிதம் ஒன்று, அங்கிருந்த ஒருவருக்குக் காலுறைகளும் செருப்புகளும் உள்ளாடைகளும் அனுப்பியிருப்பதாகச் சொல்கிறது. நாட்டுக்கு நாடு குளிர் மாறும்போது காலுக்கு என்ன செய்வது என்பது அன்றே வீட்டுக் கடிதங்களில் இடம்பெற்ற கவலை.

நம் பக்கத்தில், கும்பினியாரின் சென்னைப் படைச் சிப்பாய்கள் பதினெட்டாம் நூற்றாண்டில் தோல் செருப்போடுதான் அணிவகுத்தார்கள். 1783-ல் கடலூரில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதியபோது ஐரோப்பியப் படைவீரர்கள் போட்டிருந்த மூடிய தோல் காலணியைவிட, இந்தச் செம்மண்ணுக்கும் மணலுக்கும் சிப்பாயின் செருப்பே பொருத்தமாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம். அக்கால ஐரோப்பியக் காலணிகளில் பெரும்பாலானவற்றுக்கு இடது, வலது என்ற வேறுபாடே கிடையாது. இரண்டும் ஒரே நேரான அச்சுக்கட்டையில் செய்யப்பட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் காலுக்கேற்ற தனித்தனி வடிவம் படைகளில் பரவியது.

தாத்தா காலத்து ஆணி அடித்த பூட்ஸ் ஏன் மறைந்தது?

அதற்கு அம்யூனிஷன் பூட்ஸ் என்று பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 1950-களின் இறுதிவரை பிரிட்டிஷ் படையின் முதன்மைக் காலணி அதுதான். இந்தியப் படைக்கும் அதே வழியாக வந்தது. தடித்த தோல் அடிப்பகுதியில் வரிசையாகக் குமிழாணிகளும், குதிகாலில் லாடமும் இருக்கும். அணிவகுப்பில் எழும் அந்த ஓசை கேட்டவர் மறக்க மாட்டார்.

இந்த பூட்ஸில் நம் ஊர் மண்ணுக்கும் பங்கு உண்டு. சாலையோரங்களில் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும் ஆவாரம் செடியின் பட்டைச் சாற்றில் பதனிட்ட சென்னை மாகாணத்து மாட்டுத்தோலை, முதல் உலகப்போரின்போது பிரிட்டிஷ் படையின் பூட்ஸ் மேல்தோலுக்காக அரசு பெருமளவில் வாங்கியது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் தொழிலைப் பற்றிப் பேசும்போது இந்தத் தொடர்பையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆணிகள் தேய்மானத்தைத் தடுத்தன. மண்சாலையில் பிடிப்பும் தந்தன. ஆனால் இரும்பு வெப்பத்தைக் கடத்தும். பனியில் ஒவ்வொரு ஆணியும் பாதத்தின் சூட்டைத் தரைக்கு இழுத்துக் கொடுத்தது. ஈரப் பாறையிலோ வழுக்கியது. ரப்பர் அடிப்பகுதி வலுவானதும் ஆணிக்கு வேலை இல்லாமல் போயிற்று.

முதல் உலகப்போரின் 'பதுங்குகுழிப் பாதம்' என்பது என்ன?

1914, 1915 குளிர்காலத்தில் பிரான்ஸ், பெல்ஜியம் பக்கத்து மேற்குப் போர்முனையின் பதுங்குகுழிகளில் வீரர்கள் முழங்கால் அளவுச் சேற்று நீரில் நாள்கணக்கில் நின்றார்கள். நீர் உறையும் அளவுக்குக் குளிர் வேண்டியதில்லை. குளிர்ந்த ஈரத்தில் அசையாமல் நீண்டநேரம் இருந்தாலே பாதத்தின் ரத்த நாளங்கள் சுருங்கி, முதலில் மரத்துப்போய், பிறகு வீங்கி, நிறம் மாறி, கடைசியில் தசை அழுகத் தொடங்கும். அந்த ஒரு குளிர்காலத்தில் மட்டும் பிரிட்டிஷ் படையில் சுமார் 20,000 பேர் இதனால் பாதிக்கப்பட்டார்கள். 1914 செப்டம்பரில் மார்செய் துறைமுகத்தில் இறங்கி, அக்டோபரிலேயே போர்முனைக்கு அனுப்பப்பட்ட இந்தியப் படைப்பிரிவினரும் அந்தச் சேற்றில்தான் நின்றார்கள். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் உள்ள பிரெஞ்சுப் போர் நினைவிடம் அதே போரில் பிரெஞ்சுக் கொடியின் கீழ் உயிர்நீத்த நம் பகுதியினரை நினைவுகூர்கிறது.

அந்தத் துன்பத்தைக் குறைத்ததில் புது பூட்ஸைவிட ஒழுங்குமுறைக்கே பெரும் பங்கு. நாள்தோறும் காலுறை மாற்றுவது, பாதத்தை உலர்த்தித் திமிங்கில எண்ணெய் பூசுவது, இருவர் இருவராகச் சேர்ந்து ஒருவர் காலை மற்றவர் பார்ப்பது, கணுக்காலில் சுற்றும் பட்டித் துணியை இறுக்கிக் கட்டாமல் இருப்பது ஆகியவை கட்டாயமாயின. பாதம் கெட்டால் அதற்கு அதிகாரியும் பொறுப்பு என்ற நிலை வந்தது. அமெரிக்கப் படை 1918-ல் இன்னும் தடித்த அடிப்பகுதியுடன் பெர்ஷிங் பூட்ஸ் என்ற வகையைக் கொண்டுவந்தது. அதுவும் நீரை முழுமையாகத் தடுக்கவில்லை.

இதே பாடத்தை 1982-ல் ஃபாக்லாந்து தீவுகளில் பிரிட்டிஷ் படை மறுபடியும் கற்க வேண்டியிருந்தது. கணுக்கால் உயரமே இருந்த வார்ப்பு ரப்பர் அடி பூட்ஸ் அங்கிருந்த சதுப்பு நீரை உள்ளே விட்டது. பலருக்குப் பதுங்குகுழிப் பாதம் வந்தது. போர் முடிந்த பிறகே அந்தப் படையில் உயரமான பூட்ஸ் வழக்கத்துக்கு வந்தது.

உறைபனியில் எந்த பூட்ஸ் காப்பாற்றுகிறது? சியாச்சினில் என்ன அணிகிறார்கள்?

சூட்டைக் காப்பது தோலும் அல்ல, ரப்பரும் அல்ல. அவற்றுக்கு இடையே அசையாமல் நிற்கும் காற்றுதான். அந்தக் காற்றின் இடத்தை வியர்வை பிடித்துக்கொண்டால் எவ்வளவு தடித்த பூட்ஸும் பயன்படாது.

1941-42 குளிர்காலத்தில் ரஷ்யாவுக்குள் சென்ற ஜெர்மானிய வீரர்களின் பூட்ஸ் கால் அளவுக்குக் கச்சிதமாக இருந்தது. கூடுதலாக ஒரு காலுறை போட இடமில்லை. போட்டால் கால் இறுகி ரத்த ஓட்டம் குறைந்தது. அடியில் இருந்த ஆணிகள் மீதிச் சூட்டையும் வெளியேற்றின. சோவியத் வீரர்களோ பெரிய அளவு பூட்ஸை வாங்கி, அதற்குள் காலைத் துணியால் சுற்றிக்கொண்டார்கள். கடுங்குளிரில் வாலென்கி என்ற, கம்பளியை அழுத்திச் செய்த பூட்ஸுக்கு மாறினார்கள். உலர்ந்த பனியில் வாலென்கிக்கு ஈடு இல்லை. பனி உருகத் தொடங்கினால் அது நீரை உறிஞ்சிவிடும் என்பதால் மேலே ரப்பர் உறை தேவைப்பட்டது. காலைத் துணியால் சுற்றும் வழக்கத்தை ரஷ்யப் படை 2013-ல்தான் கைவிட்டது.

1950 இறுதியில் கொரியாவின் சோசின் நீர்த்தேக்கப் பகுதியில் அமெரிக்கப் படை அணிந்திருந்தது கீழே ரப்பரும் மேலே தோலும் உள்ள பூட்ஸ். மலையேறும்போது உள்ளே வியர்த்து, நின்றதும் அந்த வியர்வையே பனிக்கட்டியானது. வெளியிலிருந்து ஒரு துளி நீரும் புகாமலேயே எண்ணற்றவர்களின் விரல்கள் உறைந்துபோயின. இதற்குப் பிறகு வந்ததுதான் இரண்டு ரப்பர் அடுக்குகளுக்கு நடுவே கம்பளியை அடைத்து முழுவதுமாக மூடிய பூட்ஸ். அதன் பருத்த வடிவத்தைப் பார்த்து வீரர்கள் அதை மிக்கி மவுஸ் பூட்ஸ் என்றார்கள். இதில் வியர்வை வெளியே போகாது, ஆனால் கம்பளிக்கும் போகாது. கால் ஈரமாக இருந்தாலும் சூடாக இருக்கும். விமானத்தில் பறக்கும்போது உள்ளடைந்த காற்று விரியாமல் இருக்க ஒரு சிறு திருகும் வைத்தார்கள்.

நம் நாட்டின் கசப்பான பாடம் 1962. நேஃபாவின் (இன்றைய அருணாசலப் பிரதேசம்) நம்கா சூ பள்ளத்தாக்கு போன்ற உயரமான இடங்களுக்குச் சமவெளியிலிருந்து விரைந்து அனுப்பப்பட்டவர்களிடம் பருத்திச் சீருடையும் கேன்வாஸ் காலணியுமே இருந்தன. இதை நினைக்கும்போது இன்றும் மனம் ஆறுவதில்லை. 1984 ஏப்ரல் 13 அன்று மேக்தூத் நடவடிக்கையில் தொடங்கி இந்தியப் படை நிலைகொண்டிருக்கும் சியாச்சினில் குளிர் மைனஸ் 50 டிகிரி செல்சியஸ் வரை இறங்குவதுண்டு. அங்கே எதிரியின் தோட்டாவைவிடக் குளிரும் உயரமும் பனிச்சரிவும் பறித்த உயிர்களே அதிகம். அத்தகைய உயரங்களுக்கு ஏற்றது இரட்டை பூட்ஸ்: காற்றும் பனியும் புகாத கெட்டியான வெளிக்கூடு, அதற்குள் கழற்றி எடுக்கக்கூடிய சூடுகாக்கும் உள்பூட்ஸ். இரவில் உள்பூட்ஸைக் கழற்றி உறக்கப் பைக்குள் வைத்து உடற்சூட்டில் உலர்த்தலாம். வெளிக்கூடு எவ்வளவு உறுதியானதாக இருந்தாலும், மறுநாள் காலை விரல்களைக் காப்பாற்றுவது இந்த ஒரு வேலைதான்.

காட்டு பூட்ஸில் ஓட்டை இருக்கிறதே, நீர் உள்ளே போகாதா?

போகும், போன நீர் வெளியேறவும் வேண்டும் என்பதற்காகவே அந்த ஓட்டை.

புதுச்சேரியில் இன்னும் சொல்தா குடும்பங்கள் உண்டு. பிரெஞ்சுப் படையில் பணியாற்றி இந்தோசீனாவுக்குச் சென்று திரும்பியவர்களின் வீடுகள் அவை. 1946 முதல் 1954 வரை நடந்த அந்தப் போரில், ஐரோப்பாவுக்கென்று செய்த தோல் பூட்ஸ் நெல்வயலிலும் ஆற்றுப்படுகையிலும் நனைந்து, உலர நேரமில்லாமல் பூஞ்சை பிடித்து, தையல் விட்டுப்போயிற்று. அதனால் கேன்வாஸ் மேற்பகுதியும் ரப்பர் அடிப்பகுதியும் கொண்ட இலேசான பூட்ஸ் பயன்பாட்டுக்கு வந்தது. எதிர்ப்பக்கத்தில், வியட்நாம் விடுதலைக்குப் போராடிய வியட் மின் வீரர்கள் பழைய டயரை வெட்டிச் செய்த செருப்போடு நடந்தார்கள். அந்த மண்ணுக்கு எது தேவை என்பதை அந்தச் செருப்பு தெளிவாகச் சொன்னது.

அமெரிக்கப் படை இரண்டாம் உலகப்போரிலேயே கேன்வாஸ் காட்டு பூட்ஸைச் சோதித்திருந்தது. வியட்நாம் போரின் நடுவே, 1960-களின் மத்தியில், அது முழு வடிவம் பெற்றது. விரல் பகுதியிலும் குதிகாலிலும் மட்டும் தோல். கணுக்காலைச் சுற்றி விரைவில் உலரும் நைலான் கேன்வாஸ். உட்பக்க வளைவில் வலையிட்ட சிறு துளைகள். உள்ளே காற்றோட்டத்துக்கு வலைபோன்ற அட்டை. ஆற்றைக் கடந்து கரையேறி நடக்கத் தொடங்கினால் ஒவ்வொரு அடியிலும் துளை வழியே நீர் பீறிட்டு வெளியேறும். தரையில் நட்டுவைத்த கூர்மூங்கில் பொறிகள் பாதத்தைத் துளைக்காதிருக்க அடிப்பகுதியில் எஃகுத் தகடும் சேர்த்தார்கள்.

இத்தனைக்குப் பிறகும் பாதம் ஊறியது. வெதுவெதுப்பான நீரில் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து நின்றால் உள்ளங்கால் வெளுத்துச் சுருங்கி, அடியெடுத்து வைக்க முடியாத வலி வரும். மீகாங் படுகையில் இயங்கிய பிரிவுகள் வயல்நீரில் 48 மணி நேரத்துக்கு மேல் ஆட்களை வைத்திருக்கக் கூடாது என்ற முடிவுக்கு வந்தன. காட்டுமன்னார்கோவில், புவனகிரிப் பக்கம் நாற்று நடும் பெண்களைக் கேட்டால் இதற்கு மருத்துவ ஆராய்ச்சி எதற்கு என்பார்கள். விரலிடுக்கில் சேற்றுப்புண் வந்தால் வேலையை விட்டுக் கரையேறிக் காலை உலர்த்தித்தான் ஆக வேண்டும் என்பது அவர்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்தது.

பாலைவன பூட்ஸ் ஏன் பழுப்பாக, பாலிஷ் இல்லாமல் இருக்கிறது?

கறுப்புத் தோல் வெயிலை உறிஞ்சிச் சுடும். மெழுகு பாலிஷ் தோலின் நுண்துளைகளை அடைத்துவிடும். மணல் நிறமும் சொரசொரப்பான மேற்புறமும் இரண்டையும் தவிர்க்கின்றன. 1991 வளைகுடாப் போரையொட்டி அமெரிக்கர்கள் தங்கள் காட்டு பூட்ஸையே எடுத்து, மணல் புகும் என்று துளைகளை நீக்கினார்கள். தரைச் சூட்டைப் பாதத்துக்குக் கடத்தும் என்று எஃகுத் தகட்டையும் நீக்கினார்கள். காட்டில் உயிர் காத்த இரண்டு அம்சங்கள் பாலையில் குறைகளாயின. பாலைவனத்தில் இரவு கடுங்குளிராகவும் இருக்கும் என்பதால் காலுறையை மாற்றுவது அங்கும் முக்கியம்.

பூட்ஸின் அடிப்பகுதியில் உள்ள வரிப்பள்ளங்களுக்கு உண்மையில் பயன் உண்டா?

பெரும் பயன் உண்டு. 1935-ல் ஆல்ப்ஸ் மலையில் பொருத்தமற்ற காலணியோடு சிக்கித் தன் தோழர்கள் ஆறு பேர் இறந்ததைக் கண்ட இத்தாலிய மலையேறி விட்டாலே பிரமானி, ஆழமான பள்ளங்கள் கொண்ட ரப்பர் அடியை உருவாக்கினார். அந்த அடிக்கு வழங்கும் வைப்ரம் என்ற பெயர் அவர் பெயரின் சுருக்கமே. பாறைக்கும் பனிக்கும் அது அருமையானது. களிமண்ணில் அந்தப் பள்ளங்கள் அடைபட்டுக் காலே மண்ணுருண்டையாகிவிடும். அதனால் காட்டு பூட்ஸுக்குப் பின்னர் பனாமா எனப்படும் சாய்வான, அகன்ற பள்ளங்கள் வந்தன. நடக்க நடக்கச் சேறு பக்கவாட்டில் பிதுங்கி வெளியேறும். 1944-லேயே ரேமண்ட் டோபி என்ற அமெரிக்க சார்ஜண்ட் அதை வடிவமைத்திருந்தார்.

இந்தியப் படையில் டி.வி.எஸ். (DVS, டைரக்ட் வல்கனைஸ்டு சோல்) பூட்ஸ் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். மேல்தோலின்மீது ரப்பரை அச்சிலேயே சூடேற்றி நேரடியாகப் பிணைப்பது அதன் முறை. தையல் துளை இல்லாததால் அடிவழியே நீர் கசியாது. ஆனால் அடி தேய்ந்தால் சாதாரணத் தொழிலாளியிடம் கொடுத்து மாற்றுவது கடினம்.

நீர்புகாச் சவ்வு வைத்த விலை உயர்ந்த பூட்ஸை இங்கே வாங்கலாமா?

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் வேண்டாம் என்பதே என் கருத்து. கோர்-டெக்ஸ் போன்ற சவ்வு, நீர்த்துளியைத் தடுத்து வியர்வை ஆவியை மட்டும் வெளியே விடும். உள்ளே சூடும் ஈரமும் மிகுந்து வெளியே குளிர்ந்து உலர்ந்திருந்தால்தான் ஆவி வேகமாக வெளியேறும். நம் கடற்கரையில் வெளியிலும் அதே சூடு, அதே ஈரம். மேலே வழியாக ஒருமுறை நீர் புகுந்துவிட்டால் அந்தச் சவ்வே அதை உள்ளே தேக்கி வைக்கும்.

வெள்ள மீட்புப் பணிக்கு எது ஏற்றது?

2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டி, ராணுவம் படகோடு வந்து மக்களை மீட்டது. அதன் பிறகு இந்தக் கேள்வி அதிகம் வருகிறது. கணுக்கால் அளவு நீருக்கு முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ் போதும். நீர் அதைத் தாண்டி உள்ளே நிரம்பிவிட்டால் கால் கனத்து, ஓட்டத்தில் நிலைகுலையச் செய்யும். ஆழம் தெரியாத இடத்தில் கயிறு கட்டிய, நீர் வடியும் கேன்வாஸ் பூட்ஸே பாதுகாப்பு. காலில் வெட்டுக்காயம் இருப்பவர்கள் வெள்ளநீரில் இறங்கக் கூடாது. எலிக்காய்ச்சல் அந்த வழியாகப் புகும்.

புதிதுபோல் இருந்த பழைய சரக்கு பூட்ஸின் அடி உதிர்ந்துவிட்டது, ஏன்?

இது நம் ஊரில் மிகுதியாக நடப்பது. இலேசாக இருப்பதற்காகப் பல நவீன பூட்ஸ்களின் நடு அடியில் பாலியூரித்தேன் நுரையைப் பயன்படுத்துகிறார்கள். அதன் பல வகைகள் காற்றிலுள்ள ஈரத்தோடு வினைபுரிந்து மெல்ல மெல்லச் சிதைகின்றன. சூடும் ஈரமும் சேர்ந்தால் வேகம் கூடும். ஒருமுறைகூட அணியாமல் பெட்டியிலேயே வைத்திருந்தாலும் இது நிற்காது. மேல்தோல் பளபளப்பாக இருக்கும்; போட்டுக்கொண்டு மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் குதிகால் பகுதி ஈரமான பொட்டுக்கடலை மாவுபோல் பிட்டுக்கொண்டு விழும்.

வாங்கும் முன் அடிப்பகுதியின் பக்கவாட்டைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். அழுத்திய பள்ளம் மீண்டெழ வேண்டும். மயிரிழை வெடிப்போ, பிசுபிசுப்போ, விரலில் ஒட்டும் துகளோ தென்பட்டால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடுங்கள். பூட்ஸை முன்னும் பின்னும் வளைத்துப் பார்த்து, தோலும் அடியும் சேரும் கோட்டைக் கவனியுங்கள். தயாரித்த ஆண்டு உள்நாக்கில் அச்சிட்டிருந்தால் அதையும் படியுங்கள். முழு ரப்பர் அடியில் இந்தச் சிதைவு வராது. அது கனம், ஆனால் நம் தட்பவெப்பத்தில் நீடிக்கும்.

கனமான பூட்ஸில் ஓடிப் பழகினால் கால் வலுப்படுமா?

தேர்வுக்குத் தயாராகிறவர்கள் அப்படிச் செய்ய வேண்டாம். காலில் ஏற்றும் எடை, அதே எடையை முதுகில் சுமப்பதைவிடச் சுமார் ஐந்து மடங்கு ஆற்றலைக் கேட்கிறது. மணலில் பூட்ஸோடு ஓடினால் முழங்காலும் கெண்டைக்காலும்தான் பழுதாகும். ஓட்டத்துக்கு ஓட்டக் காலணி. பூட்ஸில் முதலில் நடை, அதுவும் சிறிது சிறிதாக.

அளவு பார்ப்பதும் பேணுவதும் எப்படி?

மாலையில் அளவு பாருங்கள். அப்போதுதான் பாதம் சற்று வீங்கி முழு அளவில் இருக்கும். எந்தக் காலுறையோடு அணியப் போகிறீர்களோ அதைப் போட்டுக்கொண்டே அளக்க வேண்டும். விரல் நுனிக்கு முன் கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். குதிகால் மட்டும் மேலெழக் கூடாது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த பூட்ஸை அடுப்பருகிலோ உச்சி வெயிலிலோ வைத்தால் தோல் விறைத்து வெடிக்கும். உள் அட்டையைக் கழற்றித் தனியே உலர்த்துங்கள். கயிற்றைத் தளர்த்தி வாயை அகல விரித்து, உள்ளே செய்தித்தாளைத் திணித்து, நனைந்த தாளை மாற்றிக்கொண்டே மின்விசிறிக் காற்றில் வையுங்கள். கடற்கரையில் அணிந்திருந்தால் உலர்த்துமுன் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் உப்பைத் துடைத்தெடுக்க வேண்டும். உப்பு தங்கினால் தோல் வறண்டு போகும், கயிற்றுக் கண்களின் உலோக வளையங்கள் துருப்பிடிக்கும். வசதி இருந்தால் இரண்டு ஜோடி வைத்துக்கொண்டு ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றி அணியுங்கள். வசதி ஒரு ஜோடிக்குத்தான் என்றால் காலுறையையாவது மூன்று நான்கு ஜோடி வாங்கிவிடுங்கள். அணிவகுப்பு முடிந்ததும் நனைந்ததைக் கழற்றி, விரலிடுக்குகளைத் துடைத்து, உலர்ந்ததைப் போட்டுக்கொண்டு வீடு திரும்பலாம்.